வாட்ஸன் ஹோட்டல்: ஒரு கதையும் ஒரு கட்டிடமும்

பம்பாயின் வாட்ஸன் ஹோட்டலைப் பற்றி எவரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வந்து நிற்பது ஒரு கதை. ஜாம்ஷெட்ஜி டாடா ஒரு நாள் அங்கே போனார். ஐரோப்பியர்களுக்கு மட்டும் என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த அவமானத்துக்குப் பதிலாக அவர் கட்டியதுதான் டாஜ்மஹால் ஹோட்டல். சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்கின்றன. பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்புகள் சலிக்காமல் சொல்கின்றன. பம்பாய்க்குப் புதிதாக வருகிறவனுக்கு அந்த ஊரில் இரண்டு வருஷம் இருந்தவன் சொல்கிறான்.

நல்ல கதை. சற்று அதிகமாகவே நல்ல கதை என்பதுதான் என் சந்தேகத்தின் ஆரம்பம். 1893-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டது நடந்த சம்பவம், அவரே எழுதியிருக்கிறார். டாடா கதை அந்த அச்சில் வார்த்து எடுத்தது போலிருக்கிறது: ஒரு வாசல், ஒரு மறுப்பு, அதிலிருந்து எழுகிற ஒரு பெரிய காரியம். ஒரு வித்தியாசம் மட்டும். காந்தியின் காரியத்தில் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்துகொண்டார்கள். டாடாவின் காரியத்தில் அறை வாடகை கொடுக்க முடிந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

கதைக்குச் சில பதிப்புகளும் உண்டு. ஒன்றில் திருப்பி அனுப்பியது வாட்ஸன் ஹோட்டல். மற்றொன்றில் பைக்ஸ் அப்போலோ ஹோட்டல். பிரிட்டிஷ் இந்தியாவைப் பற்றி நிறைய எழுதிய சார்ல்ஸ் ஆலன் இதை நம்பவில்லை. பம்பாய்க்குத் தகுந்த ஒரு ஹோட்டல் இல்லையே என்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் ஆசிரியர் லோவட் ஃப்ரேஸர் வற்புறுத்தியதுதான் டாஜுக்குத் தூண்டுதல் என்பது அவர் கட்சி. 1896-இல் பிளேக் பம்பாயைக் காலி செய்துகொண்டிருந்தபோது நகரத்தின் மீது நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவர டாடா நினைத்தார் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 1896-இல் பாரிஸ்டராக பம்பாய் வந்த ஜின்னா, கட்சிக்காரர்கள் வராத அந்த ஆரம்ப வருஷங்களில், வாட்ஸன் ஹோட்டலில் பந்தயம் கட்டி பில்லியர்ட்ஸ் ஆடியதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அது சரி என்றால், இந்தியனுக்கு அந்தக் கதவு எல்லா நேரத்திலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி மூடியிருக்கவில்லை என்றாகிறது.

ஆனால் கதை உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமில்லை. ஒரு கட்டிடத்தின் சரித்திரத்தை இந்தக் கதை என்ன செய்துவிட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்றரை நூற்றாண்டு நின்ற ஒரு கட்டிடம் இரண்டு முதலாளிகளுக்கிடையில் நடந்த ரோஷப் பிரச்சனையாகச் சுருங்கிப் போயிற்று. டாஜ் எழுந்ததும் வாட்ஸனின் கதை முடிந்தது. அதன் பிறகு அதற்குள் நடந்ததெல்லாம் ‘சீரழிவு’ என்ற ஒரே சொல்லில் அடக்கமாகிவிடுகிறது. இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

*

ஆரம்பம் பஞ்சில் இருக்கிறது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்களின் பஞ்சு லங்காஷயர் ஆலைகளுக்குப் போவது நின்றது. பம்பாய்ப் பஞ்சுக்குக் கேட்ட விலை கிடைத்தது. பணம் எங்கே போட்டு வைப்பது என்று தெரியாமல் ஊர் முழுக்கக் கம்பெனிகள் முளைத்தன. கடலைத் தூர்த்து நிலம் எடுக்கிற கம்பெனிப் பங்குகளை வாங்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். 1862-இல் கவர்னராக வந்த பார்ட்டில் ஃப்ரேர் பழைய கோட்டைச் சுவர்களை இடித்தார். எதிரி பீரங்கிக்கு மறைவு கிடைக்கக் கூடாது என்று சுவருக்கு வெளியே வெறும் வெளியாக விட்டிருந்த எஸ்பிளனேட் நிலம் மனைகளாக விற்பனைக்கு வந்தது. 1865-இல் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. பங்குச் சீட்டுகள் வெறும் காகிதமாயின. கட்டிடங்கள் மட்டும் மிஞ்சின. இன்றும் வெளியூர்க்காரன் அண்ணாந்து பார்க்கிற பம்பாயில் — பல்கலைக்கழகம், ராஜாபாய் கோபுரம், உயர் நீதிமன்றம் — பெரும்பகுதி அந்தப் பஞ்சுக் காலம் போட்டுவிட்டுப் போன திட்டங்களின் விளைவு.

அந்த மனைகளில் ஒன்றை வாங்கியவர் ஜான் வாட்ஸன். இங்கிலாந்தின் வட கோடியில் கம்பர்லாந்துக்காரர். பம்பாயில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். துணிக்கடைக்குப் பெரிய காட்சிக்கூடமும் ஆபீஸும் வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார் என்கிறார்கள். பிறகு அது ஹோட்டலாயிற்று. 1867-லிருந்து 1869 வரை கட்டினார்கள். 1871-இல் ஹோட்டல் திறந்தது.

‘கட்டினார்கள்’ என்று எழுதிவிட்டேன். ‘பூட்டினார்கள்’ என்று எழுதியிருக்க வேண்டும். இந்தக் கட்டிடத்தின் தூண்களும் உத்திரங்களும் இங்கிலாந்தில் டார்பி நகரத்து வார்ப்படச் சாலையில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. தரை ஓடு ஸ்டாஃபோர்ட்ஷயரிலிருந்து வந்தது. தூண்களின் அடிப்பீடத்துச் சிவப்புக் கல் பென்ரித்திலிருந்து, அதாவது வாட்ஸனின் சொந்தச் சீமையிலிருந்து. செங்கல்கூடத் தேம்ஸ் கரையிலிருந்து வந்தது. செங்கல்! இரும்பு போகட்டும், செங்கல்லுக்குமா கப்பல்? பம்பாய் மண்ணில் மிச்சமிருந்த நம்பிக்கையின்மை அவ்வளவு. வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற என்ஜினியர். லண்டன் கண்ணாடி மாளிகை வேலையில் இருந்தவர். செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் பிரம்மாண்டமான கூரையில் அவர் கை உண்டு. தேம்ஸ் மேல் ஆல்பர்ட் பாலமும் அவருடையது. பாலமும் ரயில் கொட்டகையும் போடுகிறவரிடம் ஹோட்டல் கேட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. ஐந்து மாடிக்கு இரும்புச் சட்டம், மாடிதோறும் சுற்றிலும் அகலமான பால்கனி, நடுவில் முப்பது மீட்டர் நீளம் ஒன்பது மீட்டர் அகலத்துக்கு ஒரு முற்றம், அதன் மேல் கண்ணாடிக் கூரை, 130 அறைகள். தரையிலிருந்து எழுந்த பெரிய பறவைக்கூண்டு மாதிரி இருக்கிறது என்று அந்தக் காலத்திலேயே பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

உணவுக்கூடத்தில் பரிமாற ஆங்கிலப் பெண்களைக்கூட வரவழைத்திருந்தார் வாட்ஸன். அப்படியே இங்கிலாந்தின் சீதோஷ்ணத்தையும் கொண்டுவந்திருக்கலாமே என்று ஒரு ஹாஸ்யம் ஊரில் உலவியது. வராத சீதோஷ்ணத்தோடு, தேவைப்படாததால் வராத இன்னொன்றும் உண்டு. பெட்டிகளை இறக்கி, உத்திரங்களை ஐந்து மாடிக்கு ஏற்றி, திருகி, பூசி முடித்த கைகள். அவை இங்கேயே மலிவாகக் கிடைத்தன. டார்பி வார்ப்படச் சாலையின் பெயர் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. ஏற்றியவர்களின் பெயர் எதுவும் இல்லை.

*

இந்த இரும்புச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நான் சொல்ல வந்ததற்கு அதுதான் ஆதாரம்.

நாம் அறிந்த பழைய கட்டிடங்களில் சுவர்தான் சுமக்கிறது. செட்டிநாட்டு வீடானாலும் திருவிதாங்கூர் அரண்மனையானாலும் ஒரு சுவரை எடுத்தால் மேலே இருப்பது இறங்கும். ஆகவே வீட்டின் அறைகள் கட்டினவன் வகுத்தபடிதான் என்றைக்கும் இருக்கும்; தாத்தாவின் ஏற்பாட்டுக்குள்தான் பேரன் வாழ வேண்டும். வாட்ஸன் ஹோட்டலில் சுமப்பது இரும்பு. செங்கல் வெறும் இட்டு நிரப்பல். எந்தச் சுவரையும் எடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் புதிதாக வைக்கலாம். பல மாடிகளில் மனிதர் குடியிருக்கிற ஒரு கட்டிடத்தை இப்படி முழுக்க இரும்புச் சட்டத்தின் மேல் நிறுத்தியது உலகத்திலேயே ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று. பிரான்ஸில் நுவாஸியேல் சாக்லேட் ஆலையை இந்த வகைக்கு முன்னோடியாகச் சொல்வார்கள். அதன் காலம் 1872. கொர்பூஸியே தன் ‘டொமினோ’ சட்டத்தை வரைந்தது 1914-இல். சுவரிலிருந்து விடுதலை பெற்ற தளம் என்று அவரும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் பிரகடனம் செய்ததற்கு அரை நூற்றாண்டு முன்னால், ஒரு ஜவுளிக்கடைக்காரரின் சௌகரியத்துக்காக பம்பாயில் அது செய்து முடிக்கப்பட்டிருந்தது. நவீனத்துவம் ஐரோப்பாவில் பிறந்து இங்கே தாமதமாக வந்து சேர்ந்தது என்று நம் விமர்சகர்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டிடத்தின் ஞாபகம் வருகிறது. வந்த தேதி தகராறில்லை. வந்த விதம்தான் — மூட்டை கட்டி, எண் போட்டு, கப்பலில்.

இந்தத் தளச் சுதந்திரத்தை வாட்ஸன் பயன்படுத்தியது கொஞ்சம்தான். முழுக்கப் பயன்படுத்தியவர்கள் பிறகு வந்தார்கள். அவர்களிடம் வருகிறேன்.

*

1896 என்ற ஒரு வருஷம் இந்த ஹோட்டலுக்கு விசேஷமாக அமைந்துவிட்டது. ஜனவரியில் மார்க் ட்வெய்ன் வந்து தங்கினார். பதிப்பகம் மூழ்கி, அச்சுக் கோக்கும் யந்திரம் ஒன்றில் போட்ட பணமெல்லாம் போய், கடனை அடைக்க உலகம் சுற்றிச் சொற்பொழிவு செய்துகொண்டிருந்த சமயம். இந்தப் பயணத்தை அடுத்த வருஷம் புத்தகமாக்கினார். ஹோட்டல் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அந்தப் புத்தகத்திலிருந்து தவறாமல் எடுத்துக்கொள்வது காக்கைகளை. பால்கனியில் வந்து உட்கார்ந்து தன்னைப் பற்றி விவாதித்த பம்பாய்க் காக்கைகளைப் பற்றி ட்வெய்ன் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். ரசிக்கத்தக்கதுதான்.

ஆனால் அதே பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது. அறையைச் சரிபார்த்துக் கொடுக்க ஒரு தாட்டியான ஜெர்மானியர் சில வேலையாட்களோடு மேலே வந்தார். பால்கனிக் கதவில் ஏதோ சரிசெய்ய வேண்டியிருந்தது. ஒரு வேலையாள் மண்டியிட்டு அதைச் செய்துகொண்டிருந்தார். செய்த விதம் பிடிக்கவில்லை போலும். ஜெர்மானியர் என்ன தவறு என்று சொல்வதற்கு முன்னால் தாடையில் ஓர் அறை விட்டார். அறை வாங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை, முகத்திலும் எதையும் காட்டவில்லை. ஐம்பது வருஷமாகத் தான் பார்க்காத காட்சி அது என்கிறார் ட்வெய்ன். அந்தக் கணத்தில் அவர் மிஸ்ஸௌரியில் தன் பிள்ளைப் பிராயத்துக்குப் போய்விடுகிறார். அங்கே அடிமைக்கு ஒன்றை விளக்குகிற வழி அதுதான். தன் அப்பா, மென்மையான மனிதர், தங்கள் வீட்டு அடிமைப் பையனைச் சின்னத் தவறுகளுக்கு அறைந்தது ஞாபகம் வருகிறது. பத்து வயதில், ஓர் ஆள் ஒரு அடிமையை இரும்புக் கனிமக் கட்டியால் எறிந்து கொன்றதைக் கண்ணால் பார்த்தது ஞாபகம் வருகிறது. பம்பாய் ஹோட்டல் அறையில் நின்றுகொண்டு ஒருவன் தன் ஊரின் மறந்துபோன குற்றத்துக்குள் விழுகிறான்.

வாட்ஸன் ஹோட்டலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதற்கு ஈடாக எனக்கு வேறெதுவும் தெரியாது. ஒரு வாசலில் ஒரு கோடீஸ்வரர் திருப்பி அனுப்பப்பட்டாரா இல்லையா என்று நூறு வருஷமாக விவாதிக்கிறோம். வாசலுக்கு உள்ளே ஓர் இந்தியர் இருந்தார், தினமும் இருந்தார், மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வாங்கிய அறைக்கு அச்சில் சாட்சி இருக்கிறது. அவருக்குப் பதிலாக யாரும் ஒரு ஹோட்டல் கட்டவில்லை என்பதால் கதை எழவில்லை.

ஆறு மாதம் கழித்து, ஜூலை 7-ஆம் தேதி, இதே ஹோட்டலில் இந்தியாவின் முதல் சினிமாக் காட்சி நடந்தது. லூமியேர் சகோதரர்களின் ஆள் மாரியுஸ் ஸெஸ்டியே ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் பம்பாயில் இறங்கியிருந்தார். டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் விளம்பரம். கட்டணம் ஒரு ரூபாய். மாலை ஆறிலிருந்து நான்கு காட்சிகள். ஆறு துண்டுப் படங்கள்: ரயில் வருகிறது, தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியே வருகிறார்கள், கடலில் குளிக்கிறார்கள், ஒரு சுவரை இடிக்கிறார்கள், இந்த மாதிரி. இந்தச் சுவர் படத்தை லூமியேர்கள் பின்னோக்கியும் ஓட்டிக் காட்டுவதுண்டு. தூசியிலிருந்து சுவர் எழுந்து நிற்கும். 1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸில் இந்தப் படங்கள் பொதுஜனங்களுக்கு முதலில் காட்டப்பட்ட நிலவறையின் பெயர் ‘இந்தியக் கூடம்’. அங்கே இந்தியர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பம்பாயில் இந்தியாவின் முதல் காட்சியில் உட்கார்ந்திருந்தவர்களும் ஐரோப்பியர்களே என்கிறார்கள்.

சினிமா உண்மையில் இந்தியாவுக்கு வந்தது ஒரு வாரம் கழித்துத்தான். 14-ஆம் தேதியிலிருந்து காட்சிகள் நாவல்டி தியேட்டருக்கு மாறின. அங்கே நாலணாவுக்கும் டிக்கெட் உண்டு. கோஷாப் பெண்களுக்குத் தனி இருக்கை உண்டு. ஒரு ரூபாயிலிருந்து நாலணாவுக்கு இறங்கிய அந்த ஏழு நாட்களில் இந்திய சினிமாவின் போக்கு நிர்ணயமாகிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஹரிச்சந்திர ஸகாராம் பாட்வடேகர் என்ற புகைப்படக்காரர் இங்கிலாந்திலிருந்து ஒரு கேமராவைத் தருவித்து 1899-இல் ஒரு குஸ்தியைப் படமெடுத்தார். ஆனால் கல்வெட்டு வைப்பதென்றால் வாட்ஸன் ஹோட்டலுக்குத்தான் வைப்போம். முதல் என்ற சொல்லின் மேல் நமக்குள்ள மோகம் அப்படி.

செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் கண்டுபிடிக்கப்பட்டது. அதோடு அந்த வருஷம் முடிந்தது.

*

டாஜ் 1903 டிசம்பரில் திறந்தது. வாட்ஸன் எப்போதோ போய்விட்டிருந்தார். புதிய ஹோட்டலில் மின்சார விளக்கும் கடல் பார்த்த அறைகளும் இருந்தன. வாட்ஸன் ஹோட்டல் பிரதான ஹோட்டலாக இருந்தது முப்பது சொச்சம் வருஷம். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் அது வேறு எதுவாகவோ இருந்தது. கை மாறியது, பெயர் மாறியது, மகேந்திர மேன்ஷன், கடைசியில் எஸ்பிளனேட் மேன்ஷன். அறைகள் பிரிக்கப்பட்டு வாடகைக்குப் போயின.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். 1947-இல் வந்த பம்பாய் வாடகை, ஹோட்டல் மற்றும் தங்குவிடுதிக் கட்டணக் கட்டுப்பாட்டுச் சட்டம். சுருக்கமாக வாடகைச் சட்டம் என்பார்கள். 1940 செப்டம்பர் முதல் தேதியில் என்ன வாடகையோ அதுதான் நியாய வாடகை. யுத்த காலத்தில் பம்பாயில் வந்து குவிந்த ஜனங்களைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. அரை நூற்றாண்டு நீடித்தது. 1999-இல் புதுச் சட்டம் வந்தபோதும் பழைய வாடகைதாரர்களின் வாடகை பெரிதாக நகரவில்லை. விளைவு எல்லாருக்கும் தெரிந்தது. சொந்தக்காரருக்குப் பழுது பார்க்க மனசில்லை, வருமானமும் இல்லை. குடியிருப்பவருக்கு வெளியேற வழியில்லை. வெளியே வந்தால் அந்த வாடகைக்கு விராரில்கூட ஒரு மூலை கிடைக்காது. பம்பாய்க் கட்டிடங்களைக் கொன்றது இந்தச் சட்டம் என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுதுகிறார்கள். பாதி சரி. ஊருக்கு நடுவில், கோர்ட்டுக்கு எதிரில், ஒரு குமாஸ்தாவும் ஒரு ஜூனியர் வக்கீலும் ஒரு விதவையும் உட்கார இடம் வைத்ததும் அதே சட்டம்தான் என்பதை மற்ற பாதியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் அந்தக் கட்டிடத்துக்குள் முதலில் போனது சரித்திரத்துக்காக அல்ல. ஒரு பத்திரத்துக்கு நோட்டரி முத்திரை வேண்டியிருந்தது. எண்பதுகளின் கடைசியில். மரப்படிகளில் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தது. படியோரம் சுவர் முழுக்க மின்சார மீட்டர்கள். அவற்றிலிருந்து கிளம்பிய ஒயர்கள் இரும்புத் தூண்களின் வார்ப்பு வேலைப்பாட்டைச் சுற்றிக்கொண்டு போயின. நடுமுற்றத்தில் கண்ணாடி போன இடத்தில் தகரம், கீழே வேண்டாத சாமான்கள். ஒவ்வொரு தளத்திலும் பிளைவுட் தடுப்புகள். தடுப்புக்குத் தடுப்பு வக்கீல் பலகை, ஜெராக்ஸ், டைப்பிங். ஒரு மூலையில் துணி உலர்ந்தது. ஏதோ தாளிக்கிற வாசனை. எனக்கு அஃபிடவிட் அடித்துக் கொடுத்தவர் பாலக்காட்டுக்காரர், மாதுங்காவில் ஜாகை. கோட்டைப் பகுதி ஆபீஸ்களின் டைப்ரைட்டர்களுக்குப் பின்னால் தமிழர்கள் உட்கார்ந்திருந்த காலத்தின் கடைசி ஆட்களில் ஒருவர். அறுபதுகளின் பிற்பாதியில் சிவசேனை அந்த நாற்காலிகளைக் கணக்கெடுத்துச் சத்தம் போட்டதையும் பார்த்தவர். கார்பன் காகிதத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “இது முன்னாலே ஹோட்டலாம் ஸார். வந்து தங்கிட்டுப் போற எடம். நாங்கதான் வந்தோம், போகலை.”

பிளைவுட் தடுப்புகளை நான் அசிங்கமாகப் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. அசிங்கமாகத்தான் இருந்தன. ஆனால் ஆர்டிஷின் சட்டம் எதற்கு இடம் கொடுத்ததோ அதைத்தான் அவர்கள் செய்திருந்தார்கள். சுவர் சுமக்காத கட்டிடத்தில் சுவரை நகர்த்தினார்கள். நடனக்கூடம் குடோனாயிற்று, பால்கனி சமையலறையாயிற்று, 130 அறைகள் அதற்கு மேலும் பிரிந்தன. கொர்பூஸியேயின் சீடர்கள் காகிதத்தில் வரைந்த சுதந்திரத் தளத்தை இந்த ஜனங்கள் நடத்திக் காட்டினார்கள். அதற்கு ஒரு கட்டிடக்கலைப் பத்திரிகையும் படம் போடவில்லை.

அந்தத் தெருவை எழுதியவர் ஒருவர் இருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அருண் கொலட்கர். வாட்ஸன் ஹோட்டலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், காலா கோடா முனையில் இருந்த வேஸைட் இன் என்ற சாப்பாட்டுக் கடையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2004-இல், அவர் இறந்த அதே வருஷத்தில், காலா கோடா கவிதைகள் தொகுதி வந்தது. அதில் நூலகங்களும் கலைக்கூடங்களும் பின்னால் மங்கலாக நிற்கின்றன. முன்னால் இருப்பது தெருநாய், குப்பை பெருக்குகிற பெண், இட்லிப் பாத்திரத்தோடு வந்து உட்கார்கிற ஒருத்தி, அவளைச் சுற்றிக் கூடுகிற நடைபாதைவாசிகள். அந்த வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்த கருங்குதிரை உண்மையில் குதிரை மட்டுமல்ல. அதன் மேல் பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆன இளவரசர் உட்கார்ந்திருந்தார். 1965-இல் சிலையை அகற்றி பைகுல்லா மிருகக்காட்சிசாலைத் தோட்டத்தில் வைத்தார்கள். 2017-இல் அதே இடத்தில் புதிதாக ஒரு குதிரை வைத்தார்கள், ஆள் இல்லாமல். இளவரசரை இறக்கிவிட்டுக் குதிரையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்று ஒரு நகரம் நினைத்திருக்கிறது. வாட்ஸன் ஹோட்டல் விஷயத்தில் இது அத்தனை சுலபமாக இல்லை.

*

2005 ஜூனில் உலக நினைவுச் சின்ன நிதியம், அழியும் நிலையில் உள்ள 100 இடங்களின் பட்டியலில் இந்தக் கட்டிடத்தைச் சேர்த்தது. அதற்குப் பாடுபட்டவர் இத்தாலியக் கட்டிடக் கலைஞர் ரென்ஸோ பியானோ. பாரிஸில் பொம்பிதூ மையத்தை எலும்புக்கூடு வெளியே தெரியும்படி கட்டிய இருவரில் ஒருவர். இந்தக் கூண்டு அவரை ஈர்த்ததில் ஆச்சரியமில்லை. பட்டியல் வந்து பத்துப் பதினைந்து நாட்களுக்குள், ஜூலை முதல் தேதி, மேற்குப் பக்கத்துப் பால்கனிகள் சரிந்தன. ஒருவர் இறந்தார். சிலர் காயமடைந்தார்கள். அப்போது உள்ளே குடும்பங்களும் ஆபீஸ்களுமாக ஏறக்குறைய 150 வாடகைதாரர்கள் இருந்தார்கள்.

பாரம்பரியம் பேசுகிறவர்களின் கட்டுரைகளில் இந்தச் சரிவு ‘முகப்புக்கு நேர்ந்த சேதம்’ என்று வருகிறது. வாடகைதாரர்கள் வருகிற இடம் ‘ஆக்கிரமிப்பு’, ‘தாறுமாறான மாற்றங்கள்’, ‘அலட்சியம்’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில். நான் பாரம்பரியத்துக்கு எதிரியல்ல. இரும்புக் கட்டிடங்களில் இந்தியாவில் மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது இது என்கிறார்கள். அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். என் ஆட்சேபம் வேறு. 1871-லிருந்து 1903 வரை நடந்ததுதான் சரித்திரம், மற்றது அதன் மேல் படிந்த அழுக்கு என்ற பார்வை. அப்படிப் பார்த்தால் நாம் காப்பாற்றுவது ட்வெய்ன் பார்த்த அறை. அறை வாங்கியவர் வழக்கம்போல் வெளியே. அவருடைய பேரன்மார் வயசுள்ளவர்கள் பிறகு அதே அறைகளுக்கு வாடகை கொடுத்துக் குடிவந்ததை நான் அந்தக் கட்டிடத்தின் சரித்திரத்திலேயே பெரிய சம்பவமாக நினைக்கிறேன். டாடா கதையில் வாசல் மூடுகிறது. இதில் வாசல் திறந்தது. யாரும் திறந்துவிடவில்லை, சொந்தக்காரரின் நஷ்டத்தாலும் ஒரு யுத்தகாலச் சட்டத்தாலும் தற்செயலாகத் திறந்தது. அதனால்தான் அதில் கதாநாயகன் இல்லை.

தற்செயலாகத் திறந்த வாசல் ஆட்களையும் கொல்லும் என்பதை 2005 காட்டியது. 2018-இல் இன்னொரு பகுதி இடிந்து, கீழே நின்ற டாக்ஸியின் மேல் விழுந்தது. 2019-இல் உயர் நீதிமன்றம் கட்டிடத்தைக் காலி செய்யச் சொன்னது. பம்பாய் ஐ.ஐ.டி. அறிக்கை பழுது பார்க்கும் நிலையைத் தாண்டிவிட்டது, இடித்துவிடலாம் என்றது. பாரம்பரியக் கட்டிடங்களில் தேர்ந்த என்ஜினியர்கள் இல்லை, நிறுத்திவிடலாம் என்றார்கள். நகரத்தின் பாரம்பரியக் குழு இடிக்க இசையவில்லை. அதே வருஷம் அந்த வாடகைதாரர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் வெளிவந்தது. முதல் சினிமா ஓடிய வீட்டுக்குச் சினிமா திரும்பி வந்தபோது குடியிருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வருஷக்கணக்காக அடுத்தவனின் காலி செய்யும் வழக்கை நடத்திய வக்கீல்கள் தங்கள் பலகைகளைத் தாங்களே கழற்றினார்கள்.

கட்டிடம் நின்றால், எந்த ஆண்டின் கட்டிடமாக நிற்கும் என்ற கேள்விக்கு ஏற்கனவே பதில் தயாராக இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. இரும்புக்கு வர்ணம் பூசுவார்கள். முற்றத்துக்குக் கண்ணாடி போடுவார்கள். ட்வெய்னுக்கு ஒரு பலகை, லூமியேருக்கு ஒரு பலகை. டாடா கதையைச் சொல்ல ஒரு வழிகாட்டி. செப்பனிடும் வேலையில் முதல் நாள் அகற்றப்படப் போவது பிளைவுட் தடுப்புகள். வாடகை ரசீதுகள் டோம்பிவிலியிலோ மீரா ரோடிலோ யாருடைய டிரங்குப் பெட்டியிலாவது இருக்கும்.